மேல்நோக்கித் திறந்த பரவளையம்: ஒரு கணித ஆசிரியை கணினியோடு பழகிய ஆறு மாதங்கள்

பத்தாம் வகுப்பு கணிதத் தேர்வின் கடைசிப் பகுதியில் எழுத வேண்டியது இரண்டே கேள்விகள். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி என்கிற கணக்கில் இந்த 16 மதிப்பெண் கிட்டத்தட்டப் பாதித் தூரம். அதனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்த இரண்டையும் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மனப்பாடமாகவே ஏற்றிவிடுவோம். அட்டவணை போடு, புள்ளி வை, வளைவரை வரை, இரண்டாவது சமன்பாட்டை முதல் சமன்பாட்டிலிருந்து கழி, வருகிற நேர்க்கோட்டை வரை, வெட்டும் இடத்திலிருந்து எக்ஸ் அச்சுக்குச் செங்குத்து இறக்கு, விடையை எழுது. பிள்ளைகள் செய்துவிடுவார்கள். ஏன் கழிக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை இருபத்தாறு வருஷமாக மனசில் வைத்திருந்த ஓர் ஆசிரியையைப் பற்றியது இந்த ஆய்வு.

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிகளுக்குப் போய் வகுப்புகளைப் பார்ப்பதும் பயிற்சி நடத்துவதும் என் வேலை. ஒரு கல்வியாண்டின் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆசிரியையின் பத்தாம் வகுப்பில் பல முறை பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், குறிப்பெடுத்தேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், சரி. சமன்பாடுகளை வகுப்பில் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

டீச்சர் முதுகலைக் கணிதம் படித்தவர். கரும்பலகையில் வெறும் கையால் வட்டம் போட்டால் காம்பஸ் வைத்த மாதிரி இருக்கும். அவர் வகுப்பில் பாடம் புரியவில்லை என்று வெளியே போகிற பிள்ளைகள் குறைவு. ஆனால் கணினி என்றால் முகம் மாறிவிடும். முதல் நாள் பேச்சிலேயே காரணத்தைச் சொன்னார்.

"டெக்னாலஜின்னா எனக்குத் தெரிஞ்சது பதிவேற்றம்தான் சார். காலையில வருகைப் பதிவு. அப்புறம் மார்க். அப்புறம் எதையாவது போட்டோ எடுத்து அனுப்பு. நெட் கிடைக்கலைன்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். இதுல பாடம் எங்க இருக்கு?"

இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஆசிரியர்களில் பலரிடம் தொழில்நுட்பம் முதலில் வந்து சேர்ந்தது கற்பிக்கும் கருவியாக அல்ல, கணக்குக் கேட்கும் கருவியாக. வயதானவர்கள், பயப்படுகிறார்கள், மாற விரும்பவில்லை என்று பயிற்சி அரங்குகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானே சொல்லியிருக்கிறேன். டீச்சருக்கு இருந்தது பயமே இல்லை. தன் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்கிற தீர்மானம் அது. அதற்கு நியாயமும் இருந்தது.

இத்தனைக்கும் வழி புத்தகத்திலேயே இருந்தது. 2019-இல் வந்த பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில், போனில் ஸ்கேன் செய்கிற விரைவுக் குறியீடுகள் (QR) உண்டு. பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஜியோஜீப்ரா என்கிற கணித மென்பொருளில் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகப் போட்டிருக்கும். ஜியோமெட்ரி, ஆல்ஜீப்ரா இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுநிலைப் படிப்பின் ஆய்வு வேலையாக 2001-இல் தொடங்கியது. பள்ளிகளுக்கு இலவசம். கணினியில் ஒரு முறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். "அந்தப் பக்கம் வந்தா அடுத்த பாடத்துக்குத் திருப்பிடுவேன்" என்றார் டீச்சர்.

முதல் முயற்சி தோற்றது. ஜூலை மாதம் அவர் தன் போனில் குறியீட்டை ஸ்கேன் செய்து, வந்த வீடியோவைப் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். நடுவில் இரண்டு முறை நின்று நின்று ஓடியது. முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. அந்த ஒரே குரல் எதைக் குறிக்கும் என்று வகுப்பெடுத்த யாருக்கும் தெரியும். வெளியே வந்தபோது அவர் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "என் வகுப்புல நானே விருந்தாளி மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன்."

அந்தச் சாயங்காலம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஜியோஜீப்ராவைப் பற்றிப் பேசாமல் இருந்தது. "பத்தாவதுல உங்களுக்கே உறுத்துற இடம் எது டீச்சர்? சொல்லிக் கொடுத்தும் திருப்தி இல்லாத இடம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, சட்டென்று சொன்னார். "கிராப்ல அந்தக் கழித்தல்."

புத்தகத்துப் பயிற்சிக் கணக்கு ஒன்றை எடுத்து நோட்டில் எழுதினார். ஒய் = எக்ஸ்² − 4 என்பதன் வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − எக்ஸ் − 12 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒய் = எக்ஸ் + 8 என்று ஒரு நேர்க்கோடு வரும். முதல் சமன்பாட்டின் வளைவரையான பரவளையமும் இந்தக் கோடும் வெட்டும் இடங்களில் எக்ஸ் −3, 4. அவையே தீர்வு. "இயற்கணிதமா போர்டுல காட்டிடுவேன் சார். ரெண்டும் சமமா இருக்கிற இடத்துல வித்தியாசம் பூஜ்யம், அவ்வளவுதான். ஆனா பிள்ளைங்க கண்ணுக்கு அங்க ஒரு வளைவு, ஒரு கோடு, ரெண்டு புள்ளி. தீர்க்கச் சொன்ன சமன்பாடு அந்தப் படத்துல எங்கேயுமே இல்லையே! இல்லாத ஒண்ணுக்கு விடை எப்படி அதுல வருது?"

நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில் இவ்வளவு கூர்மையான கேள்வியோடு தொடங்கிய ஒன்றுகூட நினைவில் இல்லை. நாங்கள் எப்போதும் மென்பொருளில் தொடங்குவோம். இது கருவிப்பட்டை, இது புள்ளி, இது கோடு, இதைச் சொடுக்கினால் இது வரும். மூன்று மணி நேரம் கழித்து ஆசிரியர்கள் சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள். எந்தக் கணக்குக்கு என்று கேட்டுத் தொடங்கியதில்லை.

ஆனால் அவர் உடனே ஜியோஜீப்ராவுக்குப் போகவில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினார். மார்க் லிஸ்ட் போடப் பழகியிருந்த ஸ்ப்ரெட்ஷீட். கூட்டுத்தொகை, சராசரி எல்லாம் அவருக்கு அத்துப்படி. "மார்க்கைக் கூட்டத் தெரிஞ்ச பெட்டிக்கு எக்ஸ் ஸ்கொயர் போடத் தெரியாதா?" என்று, ஒரு நிரலில் −4 முதல் 4 வரை எண்களும் பக்கத்து நிரலில் சூத்திரமும் போட்டு, வரைபடமும் வரவழைத்துவிட்டார். எக்ஸ்² − 4 அழகாக வந்தது. அவர் மகளிடம் கேட்டு ஒரே ராத்திரியில் கற்றது அது.

ஆகஸ்டில் அதை வகுப்பில் காட்டினார். பிள்ளைகளுக்குப் பிடித்துப் போனது. உற்சாகத்தில், "இதையே தலைகீழா கவிழ்த்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தட்டினார். கழித்தல் எக்ஸ்² கூட்டல் 4. கவிழ்ந்த பரவளையம் வரும் என்று கையாலும் காட்டினார்.

திரையில் வந்தது நிமிர்ந்த பரவளையம்.

வகுப்பில் ஒரு சலசலப்பு. எக்ஸ் 3 என்கிற இடத்தில் −5 வந்திருக்க வேண்டும், 13 என்று இருந்தது. டீச்சர் சூத்திரத்தை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினார். அதே 13. நான் பின் வரிசையில் இருந்தேன், எனக்கும் காரணம் தெரியவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், "டீச்சர், நாலை முன்னாடி போட்டுப் பாருங்க, நாலு மைனஸ் எக்ஸ் ஸ்கொயர். ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். போட்டார். இப்போது −5 வந்தது, பரவளையம் கவிழ்ந்தது. ஒரே கோவையை இரண்டு விதமாக எழுதியதற்கு இரண்டு வேறு விடைகள், பக்கத்துப் பக்கத்து நிரலில்.

டீச்சர் ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "எனக்குத் தெரியலை. நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன். நீங்களும் யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

இருபத்தாறு வருஷ அனுபவத்தில் கணித வகுப்பில் இப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னார். எனக்கு அந்த நொடி முக்கியமாகப்பட்டது. கணினி பழகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் விலகுவது இந்த இடத்தில்தான். பிள்ளைகள் முன்னால் தடுமாறிவிட்டோம் என்று அடுத்த நாள் புரொஜெக்டரைத் தொடவே மாட்டார்கள். இவர் மறுநாள் முதல் பாடவேளையிலேயே வந்து நின்றார்.

காரணம் இதுதான். கணித வழக்கப்படி −3² என்றால் முதலில் வர்க்கம், பிறகு கழித்தல் குறி. விடை −9. ஆனால் அவர் பயன்படுத்திய ஸ்ப்ரெட்ஷீட், ஓர் எண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கழித்தல் குறியை அந்த எண்ணோடு சேர்த்துவிட்டுத்தான் வர்க்கம் எடுக்கும். விடை 9. இரண்டு எண்களுக்கு நடுவே வரும் கழித்தலை அது அப்படிச் செய்யாது. அதனால்தான் 4 முன்னால் வந்தபோது சரியாக வந்தது. வர்க்கத்தை அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு வெளியே கழித்தலைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். டீச்சர் இதை வீட்டில் அடைப்புக்குறிகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தானே கண்டுபிடித்திருந்தார்.

வகுப்பில் அவர் அதை விளக்கத் தொடங்கவில்லை. −3², (−3)² என்று இரண்டையும் பலகையில் எழுதி, அவரவர் விடையை நோட்டில் எழுதச் சொன்னார். சரிபாதிப் பேருக்கு மேல் தப்பு. கழித்தல் எண்ணை வர்க்கப்படுத்தும்போது −9 போடுவதும், −3² என்பதற்கு 9 போடுவதும் வரைபட அட்டவணையில் வருடா வருடம் நடக்கிற தவறு. அந்த ஒரு புள்ளி தவறினால் வளைவரையே கோணிவிடும். சிவப்பு மையில் வட்டம் போட்டு போட்டுக் கை வலித்த தவறு. அன்றைக்கு அந்தத் தவறைச் செய்தது பிள்ளைகள் மட்டுமில்லை, இயந்திரமும் அதே மாதிரி விடை சொல்லியிருந்தது. "அதுக்கு ஒரு வழக்கம், நமக்கு ஒரு வழக்கம். எந்த வழக்கம்னு தெரியாம கேட்டா எது கிட்ட கேட்டாலும் தப்பாத்தான் வரும்" என்றார். அடைப்புக்குறி எதற்கு என்று அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டி இருக்கவில்லை.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தெரிவது வேறு என்பதைக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் ஆசிரியக் கல்வி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2006-இல் கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தார்கள். மூன்றையும் தனித்தனியாகக் கற்றால் போதாது, அவை ஒன்றையொன்று தொடும் இடம்தான் ஆசிரியருடைய இடம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பயிற்சிக் கையேடுகளில் மூன்று வட்டங்களாகப் போட்டிருக்கும் அந்தப் படத்தை நான் பல முறை ஸ்லைடில் காட்டியிருக்கிறேன், எனக்கே அது ஒரு படமாகத்தான் இருந்தது. இந்தக் கழித்தல் குறியில்தான் அதை நேரில் பார்த்தேன். குறியின் முன்னுரிமை கணித அறிவு. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பது கற்பித்தல் அறிவு. இந்தப் பெட்டி எந்த வரிசையில் கணக்கிடும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் டீச்சரிடம் முன்பே இருந்தன. அதனால்தான் மூன்றாவது ஒரே ராத்திரியில் வந்தது. கணினி நன்றாகத் தெரிந்த ஓர் இளைஞர் அந்த இடத்தில் இருந்திருந்தால் சூத்திரத்தைத் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜியோஜீப்ராவுக்கு அவர் வந்தது செப்டம்பரில், காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு. இந்த முறை எந்தச் சொடுக்கும் புதிதாக இல்லை. சமன்பாட்டைத் தட்டினால் வளைவு வருகிறது, அவ்வளவுதான். எக்ஸ்² − 4 நீலத்தில், எக்ஸ் + 8 பச்சையில். பிள்ளைகள் கிராப் தாளில் ஏற்கெனவே போட்டிருந்த அதே படம். ஒரு பையன், "டீச்சர், உங்க படம் ஒல்லியா இருக்கு" என்றான். கிராப் தாளில் எக்ஸ் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகும் ஒய் அச்சில் இரண்டு அலகும் எடுத்திருந்தார்கள். திரையில் இரண்டும் ஒரே அளவு. அளவுத்திட்டம் என்று தாளின் மூலையில் ஏன் எழுதுகிறோம் என்பதற்கு அன்று பத்து நிமிஷம் போனது. அச்சுகளின் விகிதத்தை மாற்றியதும் ஒல்லிப் படம் அகன்றது, ஆனால் வெட்டும் இடங்களின் எண்கள் மாறவில்லை. திட்டமிடாத பத்து நிமிஷம். அதற்கு முன்பு அளவுத்திட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளிடம் ஒரு மதிப்பெண் என்பதைத் தவிர வேறு பொருள் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் மூன்றாவது சமன்பாடு, தீர்க்கச் சொன்ன அந்த எக்ஸ்² − எக்ஸ் − 12. அதைத் தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போய்விட்டது.

லேபில் இருந்தபடியே கிராப் தாளை எடுக்கச் சொன்னார். "எக்ஸ் பூஜ்யத்துல பரவளையம் எங்க இருக்கு? கோடு எங்க இருக்கு? நடுவுல எவ்வளவு இடைவெளி?" பரவளையம் −4-இல், கோடு 8-இல். பரவளையம் 12 கீழே, அதாவது −12. எக்ஸ் 1-இல் −3-க்கும் 9-க்கும் நடுவே மறுபடி −12. 2-இல் −10. 3-இல் −6. 4-இல் இரண்டும் 12-இல் நிற்கின்றன, இடைவெளி பூஜ்யம். இடப்பக்கம் −3-இலும் பூஜ்யம். 5-இல் பரவளையம் கோட்டைத் தாண்டி 8 மேலே. இந்த இடைவெளிகளை மட்டும் தனிப் புள்ளிகளாக வைக்கச் சொன்னார். வைக்க வைக்க, ஏற்கெனவே இருந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு வளைவு தாளில் உருவாகத் தொடங்கியது. எக்ஸ்² − எக்ஸ் − 12-இல் எக்ஸ் 2 போட்டுப் பாருங்கள் என்றார். −10. மூன்று போட்டுப் பாருங்கள். −6.

"டீச்சர், அது நாம கழிச்சதுதான்!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில்.

படத்தில் இல்லாத சமன்பாடு படத்திலேயே இருந்திருக்கிறது, இரண்டு வரைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியாக. அவை வெட்டும் இடத்தில் இடைவெளி பூஜ்யம், எனவே மூன்றாவது வளைவு அதே எக்ஸ் மதிப்பில் எக்ஸ் அச்சை வெட்டுகிறது. கரண்ட் வந்ததும் மூன்றாவதைத் தட்டினார். வெட்டும் புள்ளிகளுக்கு நேர் கீழே, −3-இலும் 4-இலும், அச்சைக் கடந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படவில்லை, சரிபார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

இதை வைத்து, திரையை விடத் தாள்தான் சிறந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இடைவெளியை அளக்கலாம் என்கிற யோசனை டீச்சருக்கு வந்ததே வீட்டில் மூன்று வளைவுகளையும் திரையில் சேர்த்துப் பார்த்த பிறகுதான். இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் அவருக்குத் தோன்றாதது அது. மூன்றாவது வளைவைக் கையால் துல்லியமாகப் போட நேரமும் இல்லை, தேவையும் இருந்ததில்லை.

எல்லாமே இப்படி வாய்க்கவில்லை. அக்டோபரில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதையும் ஜியோஜீப்ராவில் செய்து பார்த்தார். ஒரே சொடுக்கில் தொடுகோடு வந்துவிட்டது. காம்பஸ் பிடிக்கும் கைக்கு அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. இரண்டு வகுப்புகளோடு அதை விட்டுவிட்டார். அந்த முடிவை நான் மதிக்கிறேன். கருவி கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாப் பாடத்தையும் அதில் திணிப்பதை நிறைய இடங்களில் பார்த்து நொந்திருக்கிறேன்.

அதை விடப் பெரிய குறை, லேபில் இருந்த கணினிகளின் எண்ணிக்கை. ஒன்றுக்கு நான்கு பேர். நடுவில் உட்கார்ந்த இருவர் மவுஸைப் பிடிப்பார்கள், ஓரத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் கணிதத்தில் பின்தங்கிய, வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள். இதை நான் இரண்டாவது வாரத்திலேயே கவனித்தும் சொல்லத் தாமதித்தேன். அது என் தவறு.

பிரான்ஸைச் சேர்ந்த கணிதக் கல்வி ஆய்வாளர் லூக் த்ரூஷ் ஓர் ஏற்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பில் ஒரு மாணவருடைய கருவி மட்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திரையில் இருக்கும். ஆசிரியரும் மற்ற மாணவர்களும் சொல்லச் சொல்ல அவர் இயக்குவார். மலையேறிகளுக்கு முன்னால் சுமை தூக்கி வழிகாட்டிப் போகும் ஷெர்பாக்களின் பெயரை அந்த மாணவருக்கு வைத்தார் அவர். நவம்பரில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அடுத்த வகுப்பிலேயே, கணிதத்தில் கடைசியில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒய் = எக்ஸ்² + எக்ஸ் வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² + 1 = 0 தீர்க்க வேண்டும். முதலில் அவன் கை நடுங்கியது. ஒவ்வொரு குறியையும் வகுப்பு சொல்ல, அவன் தட்ட, வளைவு வந்தது. கழித்தால் எக்ஸ் − 1. அதைத் தட்டுவதற்கு முன் அவனே திரும்பி, "டீச்சர், இந்தக் கோடு கீழேயே போகும்போல இருக்கே. தொடவே தொடாதா?" என்றான். மெய் மூலங்கள் இல்லை என்கிற சொற்றொடரை அந்தப் பாடத்தில் நூறு முறை எழுதியிருப்பார்கள். அது தொடாமல் போகிற ஒரு கோடு என்று அவன் வாயிலிருந்து வந்தது.

மதிப்பெண் ஏறியதா என்று இதை வாசிக்கும் தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒப்பிட வேறு வகுப்பும் இல்லை. அதனால் அப்படி ஓர் எண்ணை நான் தர மாட்டேன். நோட்டுகளில் பார்த்ததைச் சொல்லலாம். அரையாண்டுத் தேர்வில் கழித்தல் எண்களின் வர்க்கத்தில் தவறு நன்றாகக் குறைந்திருந்தது. பரவளையத்தை ஸ்கேல் வைத்துத் துண்டு துண்டாக இணைக்கும் பழக்கம் சிலரிடம் அப்படியே இருந்தது. இடைவெளி விஷயத்தை அருமையாகச் சொல்லத் தெரிந்த இரண்டு பேர் அளவுத்திட்டம் எழுத மறந்து மதிப்பெண் இழந்தார்கள். தேர்வு கிராப் தாளில்தான் நடக்கிறது, அதற்கான பயிற்சியை டீச்சர் ஒரு நாளும் குறைக்கவில்லை.

காலைப் பதிவேற்றம் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி அவருடைய கருத்தும் மாறவில்லை. மாறியது என்னுடைய பயிற்சித் திட்டம். எங்கள் ஒன்றியத்துக் கணித ஆசிரியர்களுக்கு நான் இப்போது அனுப்பும் அழைப்பில் மென்பொருள் பெயரே இருக்காது. திருப்தி இல்லாமல் கற்பிக்கிற ஒரு கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் இருக்கும். முதல் முறை பதினோரு பேர் வந்தார்கள், எட்டுப் பேர் கணக்கோடு வந்தார்கள். இருவர் கொண்டுவந்தது அதே கழித்தல்.

டிசம்பர் கடைசியில் போனபோது லேப் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்தக் கணினியில் எந்தப் பாடவேளையில் யார் மவுஸைப் பிடிப்பது என்று டீச்சர் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு அச்செடுத்த பட்டியல். ஒவ்வொரு வரிசையிலும் முதல் பெயர் ஓரத்தில் உட்காருகிற பிள்ளையுடையது.